டெல்டா மோகன்ராஜ் பழி வாங்கிய விதம்

சத்தத்தால் மனித மூளையை அசைக்கவே முடியாது என்று மோகன்ராஜ் அறிவித்தபோது காலை மணி ஒன்பதரை. இடம், திருப்பதியில் ஒரு பொறியியல் கல்லூரியின் கேண்டீன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர்: புத்தூர்க்காரி ஹரிதா, சித்தூர்க்காரன் ஸ்ரீஹரி. இருவரும் அவன் வகுப்பு.

"எழுதி வெச்சுக்கோங்க. ஆல்பாவோ பீட்டாவோ, எந்த அலையா வேணா இருக்கட்டும். ஒரு ஸ்பீக்கராலயும், ஒரு இயர்ஃபோனாலயும் இந்த மண்டைக்குள்ள இருக்கறத மயிரளவு நகத்த முடியாது. நாலு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன் சொல்றேன்."

"மூணரை வருஷம்," என்றாள் ஹரிதா. "அதுல ரெண்டு அரியர்."

பேருண்மைகளைச் சொல்கிறவர்கள் சில்லறைத் திருத்தங்களுக்கெல்லாம் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மேலும் மோகன்ராஜுக்கு அப்போது வேறு வேலை இருந்தது. அவன் சிட்டிபாபுவைப் பழி வாங்கவேண்டியிருந்தது.

சிட்டிபாபு சித்தூரில் ஒரு மாடியில் மன அலைப் பயிற்சி மையம் வைத்திருப்பவர். கம்பெனிகள் ஆளெடுக்க வரும் பருவம் என்பதால், மாணவர்களின் பதற்றத்தைப் போக்க என்று கல்லூரி அவரை அழைத்திருந்தது. அவருடைய சாஸ்திரம் எளிமையானது. இடது காதில் நொடிக்கு இருநூறு அதிர்வுள்ள ஒரு சத்தம், வலது காதில் இருநூற்றுப் பத்து. நடுவில் இருக்கும் அந்தப் பத்து எந்தக் காதிலும் இல்லை. மூளைதான் அதைத் தயாரித்துக்கொள்கிறது. தயாரித்துக்கொண்ட மூளை, பிறகு அந்தப் பத்துக்கே தாளம் போட்டு அமைதியாகிவிடுகிறது. இதில் முதல் பாதி புத்தகத்தில் இருந்தது. இரண்டாம் பாதி சிட்டிபாபுவிடம் இருந்தது.

முந்நூறு பேர் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்த அரங்கத்தில் மோகன்ராஜ் மாட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தான். அந்த முந்நூறு முகங்களையும் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். எல்லோர் காதும் அடைபட்டிருந்ததால் அந்தச் சிரிப்பு ஒரே ஒருவருக்குத்தான் கேட்டது. அவர் மேடையில் நின்றிருந்தார்.

"பாபு, நீங்க. ஆமா, நீங்கதான். மேல வாங்க."

மேலே போனான். மூளை அலையை அளக்கிற ஒரு பட்டையை நெற்றியில் கட்டினார்கள். பின்னாலிருந்த திரையில் ஒரு கோடு சோம்பலாக நெளிந்தது. சிட்டிபாபு அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் துக்கத்தோடு பார்த்தார். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"எல்லாரும் காதுல இருக்கறத எடுங்க. இந்தக் கோட்டப் பாருங்க. பீட்டா லேது. ஆல்பா லேது. முழுக்க டெல்டா. டெல்டான்னா என்ன? ஆழ்ந்த தூக்கம். இந்த பாபு கண்ணைத் தெறந்து வெச்சுக்கினே தூங்கறாரு. பதினாறு வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கேன். ஒரு எருமைக்குக் கூட இதைவிட நாலு பீட்டா கூட இருக்கும்."

பட்டை நெற்றியைத் தொடவே இல்லை, முடிமேல் கிடந்தது. மோகன்ராஜ் அதைச் சொல்லவும் சொன்னான். ஆனால் மைக் அவரிடம் இருந்தது. முந்நூறு பேரும் சிரித்தார்கள். ஹரிதாவும் சிரித்தாள், அவள் சத்தமில்லாமல் சிரித்தாள், அதனால்தான் அது அதிகம் வலித்தது. சிட்டிபாபுவின் வீடியோக்காரன் அதை எடுத்துப் போட்டான், நாற்பத்து மூன்று வினாடி. சாயங்காலத்துக்குள் ரேணிகுண்டா தாண்டிவிட்டது.

அன்று முதல் அவன் பெயர் டெல்டா. டீக்கடைக்காரர், "டெல்டாக்கு ஒண்ணு, சக்கர கம்மி" என்றார். முதலாமாண்டுப் பையன்கள் "டெல்டா அண்ணா" என்று மரியாதையோடு கூப்பிட்டார்கள். அந்த மரியாதை கேலியைவிடக் கொடுமையாக இருந்தது. இதெல்லாம் போகட்டும். மாதிரி நேர்முகத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மையார், அவன் பயோடேட்டாவை மூடிவைத்துவிட்டு, "அந்த வீடியோவுல வர்றது நீங்கதானே?" என்று ஆவலாகக் கேட்டார். அதற்கப்புறம் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கம்பெனி பதினெட்டாம் தேதி நிஜமாகவே ஆளெடுக்கப் போகிறது. மோகன்ராஜுக்கு வேண்டியது அந்த வேலைதான். சொந்த ஊர் நகரியில் அவன் நைனா முனிகிருஷ்ணன், மகனுக்கு அது கிடைத்தே விட்டதாகத் தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லியும் ஆகிவிட்டது. அந்த அறைக்குள் டெல்டாவாகப் போனால் டெல்டாவாகத்தான் வெளியே வரவேண்டும். ஆகவே பதினெட்டுக்கு முன்னால் அந்த வீடியோவை இன்னொரு வீடியோ அடித்துச் சாய்க்கவேண்டும். அதில் சிட்டிபாபு முகத்தில் அசடு வழியவேண்டும், அவர் எதிரே ஒரு மண்டபமே சிரிக்கவேண்டும்.

பழி தீரும்வரை கேண்டீன் பூரியைத் தொடுவதில்லை என்று சபதம் செய்தான். மூன்றாம் நாள் அந்தச் சபதம் இரண்டாவது தட்டுக்கு மட்டுமே பொருந்தும் என்று தெளிவுபடுத்தினான்.

வாய்ப்பு நகரியிலிருந்தே வந்தது. பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நகரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிட்டிபாபுவின் இலவச முகாம். பெற்றோர்களுக்கும் பிள்ளைகளுக்கும். மைக் செட், தீனா சவுண்ட் சர்வீஸ். தீனா மோகன்ராஜின் அத்தை மகன்.

சனிக்கிழமை காலை ரயிலைப் பிடித்து நகரியில் இறங்கி நேராகத் தீனா கடைக்குப் போனான்.

"அந்தாளு பாட்ட எதுல போடுவாரு?"

"என் லேப்டாப்புலதான் மச்சா. பென் டிரைவ் குடுத்துட்டாரு. இவ்ளோ பேருக்கு இயர்ஃபோனு இல்லன்னு ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டி வெக்கச் சொன்னாரு."

மோகன்ராஜ் கண்ணை மூடிக்கொண்டான். பெட்டி வைத்தால் இரண்டு சத்தமும் இரண்டு காதுக்கும் போய்விடும். அந்த ஆளின் சாஸ்திரப்படியே அது சாஸ்திரம் இல்லை. இப்படிப்பட்டவனால்தான் தன் பெயர் கெட்டது என்று நினைக்க நினைக்க ஆத்திரம் சுகமாகச் சூடேறியது.

"ஒரு ஃபைல மாத்தணும். அவ்ளோதான்."

"இன்னா போட்லாம்? நாய் குலைக்கறது?"

"நாய்க்கு ரெண்டு நிமிஷம் சிரிப்பானுங்க. எனக்கு அது பத்தாது. எழுந்து ஓடணும் மச்சா. காதப் பொத்திக்கினு ஓடணும். அந்தாளு மைக்குல 'உக்காருங்க, உக்காருங்க'ன்னு கெஞ்சிக்கினு நிக்கணும். அத நான் புடிக்கணும்."

"அப்புடி இன்னாடா சத்தம் கீது?"

அதை மோகன்ராஜ் ஏற்கெனவே முடிவு செய்திருந்தான். போன வருஷம் திருவிழாவுக்கு ஸ்ரீஹரியை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்திருந்தான். வீட்டுக்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் நைனாவின் எட்டு பவர்லூம் தறிகள். ஸ்ரீஹரி இலையில் உட்கார்ந்த பதினோராவது நிமிஷம், "ரேய், இது வீடா, யுத்தமா?" என்று கத்திவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு எழுந்துபோய்ப் பஸ் ஸ்டாண்டில் புளிசாதம் சாப்பிட்டான். ஆகவே மனிதகுலத்தால் பொறுக்கமுடியாத சத்தம் எது என்பது ஐயமற நிரூபணமாகியிருந்தது. ஒரே ஒரு ஆளை வைத்துச் சோதித்துவிட்டு உலகத்துக்கே முடிவு சொல்வதுதான் சிட்டிபாபுவின் பித்தலாட்டம் என்று மோகன்ராஜ் ஒரு மாதமாக எல்லோரிடமும் சொல்லிவந்தான்.

மத்தியானம் தறிக்கூடத்தில் போனை நீட்டிக்கொண்டு நின்றான். எட்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. நைனா அறுந்த நூலை முடிந்துகொண்டே பார்த்தார்.

"இன்னாத்துக்குடா போன நீட்டிக்கினு கீற?"

"காலேஜ் ப்ராஜெக்ட்டு நைனா!"

"இன்னா?"

"ப்ராஜெக்ட்டு! சவுண்டு ரெக்கார்டு பண்றேன்!"

"இங்க இன்னாடா சவுண்டு கீது?" என்று நைனா தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக் கேட்டார்.

மோகன்ராஜ் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பழி ஒரு மனிதனை அவ்வளவு சுறுசுறுப்பாக வைத்திருக்கிறது.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு மண்டபத்தில் நானூறு பேர். முன்வரிசையில் இட்லிக் கடை பொன்னியம்மா. கண்ணையும் வாயையும் ஒருசேர மூடி அவரை யாரும் பார்த்ததில்லை. மூன்றாம் வரிசையில் நைனா, சலவைச் சட்டையோடு. மகனுடைய கல்லூரிக்கே வந்த சார் என்பதால் மரியாதைக்கு வந்திருந்தார். மோகன்ராஜ் கடைசிக்கு முந்தின வரிசையில் ஓரமாக, போனைத் தயாராக நெஞ்சருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பத்திரண்டு நாளாக ஒழுங்கான தூக்கம் இல்லை. ஆனால் அன்று அவன் முகத்தில் ஒரு மாப்பிள்ளைக் களை இருந்தது.

சிட்டிபாபு வெள்ளை முழுக்கைச் சட்டையில் வந்தார். தமிழில் வணங்கினார், தெலுங்கில் கும்பிட்டார், ஆங்கிலத்தில் நன்றி சொன்னார்.

"தாய்மார்களே, அய்யாமார்களே, இப்ப நீங்க கேக்கப்போறது சாதாரண சத்தம் இல்ல. கண்ண மூடுங்க. மெதுவா ஆல்பா வரும். வந்ததும் அதுவே உங்களக் கூட்டிக்கினு போவும். தீனா பாபு, ஸ்டார்ட்."

தீனா பொத்தானை அழுத்தினான்.

எட்டு தறி, இரண்டு ஆளுயரப் பெட்டிகளின் வழியாக, மண்டபத்துக்குள் ஓடத் தொடங்கியது. சிட்டிபாபு மேடையில் ஓரடி எகிறினார். "ரேய்! ஆபு! நிறுத்துடா!" என்று அவர் வாய் அசைந்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. மோகன்ராஜ் போனைத் தூக்கினான். இதோ, இப்போது எழுந்திருப்பார்கள்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

நகரியில் ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. ஊர் நிசப்தமாக இருக்கும். நிசப்தமாக இருப்பதால் பிள்ளைகள் சிணுங்கும், பெரியவர்கள் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள், மத்தியானத் தூக்கம் யாருக்கும் பிடிக்காது. அந்த நானூறு பேரும் பிறந்தது, பால் குடித்தது, பரீட்சைக்குப் படித்தது எல்லாம் அந்தச் சத்தத்துக்குள். அவர்களைப் பொறுத்தவரை மண்டபத்தில் புதிதாகச் சத்தம் எதுவும் வரவில்லை. இதுவரை இருந்த ஏதோ ஒரு தொந்தரவு நின்றிருந்தது.

முதலில் பொன்னியம்மாவின் தலை சாய்ந்தது. பிறகு அவர் பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள், ஒருத்தி தோளில் ஒருத்தி. ஒரு கைக்குழந்தை அழுகையைப் பாதியில் விட்டது. வரிசை வரிசையாகக் கழுத்துகள் தொங்கின. மூன்றாம் வரிசையில் நைனா வாயைப் பிளந்துகொண்டு, சலவைச் சட்டை ஏறி இறங்க, ஆனந்தமாகக் குறட்டை விட்டார்.

சிட்டிபாபு தீனாவை நோக்கி நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவர் மண்டபத்தைப் பார்த்தார். பதினாறு வருஷத்தில் அவர் சத்தத்துக்கு நாலு பேர் கொட்டாவி விட்டதே பெரிய விஷயம். கையை மெதுவாக இறக்கினார். தீனாவிடம், இன்னும் கொஞ்சம் ஏத்து என்று விரலால் காட்டினார். தன் வீடியோக்காரனுக்குக் கண்சாடை செய்தார். அவர் என்னதான் ஃபிராடு என்றாலும் தொழில் தெரிந்தவர்.

இதையெல்லாம் மோகன்ராஜ் போன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான். ஆத்திரப்படவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. எழுந்து, மேடைக்கு ஓடி, மைக்கைப் பிடுங்கி, இது எங்கள் வீட்டுத் தறி என்று கத்தவேண்டும். அதற்கு முதலில் பல்லைக் கடிக்கவேண்டும். தாடை ஏனோ ஒத்துழைக்கவில்லை. முப்பத்திரண்டு நாளாக இறுகிக் கிடந்த தோள் தானாக விட்டது. போன் மடியில் இறங்கியது. கொஞ்சம் சாய்ந்துகொண்டு ஆத்திரப்படலாம் என்று நினைத்ததுதான் கடைசி நினைவு.

யாரோ தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தான். மண்டபம் முழுக்க விழித்து உட்கார்ந்து, முகம் கழுவின தெளிச்சியோடு, அவனையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே சிட்டிபாபு, மைக்கோடு. அவர் தோளுக்கு மேல் கேமரா.

"எழுந்திரு பாபு," என்றார் சிட்டிபாபு அன்பாக. "சத்தத்த நிறுத்திப் பத்து நிமிஷம் ஆச்சு. எல்லாரும் எழுந்துட்டாங்க."

இரண்டாவது வீடியோ ஒரு நிமிஷம் பத்து வினாடி. அது சென்னையைத் தாண்டியது.

தீனா காட்டிக்கொடுக்கவில்லை. சிட்டிபாபு கேட்டார், அவன் சொன்னான். இரண்டும் வேறு வேறு என்று தீனா இன்றுவரை வாதாடுகிறான். கூட்டம் கலைந்ததும் மணமகள் அறையில் சிட்டிபாபு மோகன்ராஜை உட்காரவைத்து, தனக்கு வந்த சாத்துக்குடி ஜூஸை அவனுக்குக் கொடுத்தார்.

"என்ன அசிங்கப்படுத்தத்தானே போட்ட?"

"ஆமா."

"நல்லது. மறைக்கல நீ. நானும் மறைக்கல. அன்னிக்கு அந்தப் பட்டை உன் நெத்திய தொடல, எனக்குத் தெரியும்."

மோகன்ராஜ் தம்ளரைக் கீழே வைத்தான். "தெரிஞ்சுமா சார் அப்புடி சொன்னீங்க?"

"நீ சிரிச்ச. எனக்கு ரோஷம் வந்துச்சு. நானும் பழிதான் வாங்கினேன் பாபு." சிட்டிபாபு எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "ஆனா எனக்கு வாங்கத் தெரியும்."

"அந்த வீடியோவ எடுத்துடுங்க சார். பதினெட்டாந் தேதி எனக்கு இன்டர்வியூ."

"அது பழசாச்சே. அத இப்ப யாரு பாக்கறாங்க? புதுசுதான் நல்லா ஓடுது."

திரும்பும் ரயிலில் மோகன்ராஜ் அந்தப் பதிவைப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினான். நிமிஷத்துக்கு நூற்று முப்பத்தெட்டு தறியடி. அறுபதால் வகுத்தால் நொடிக்கு இரண்டு புள்ளி மூன்று. பாடப் புத்தகத்தில் ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் அவன் பெயருள்ள ஒரே ஒரு அலைக்குத்தான் இடம் கொடுத்திருந்தார்கள். வேறு விடை வருமா என்று மூன்று முறை வகுத்துப் பார்த்தான். கணக்கில் அரியர் வைத்திருந்தவனுக்கு அன்றைக்கென்று மூன்று முறையும் சரியாகவே வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சிட்டிபாபுவின் மன அலை ஆப்பில் புதிதாக ஒரு பதிவு ஏறியது: நகரி நித்திரை. அதே எட்டு தறிதான். மோகன்ராஜ் கொதித்தான். அந்த ஆளின் முகமூடியைக் கிழித்துத் தொங்கவிட ஒரு நீண்ட கட்டுரை எழுதப்போவதாகக் கேண்டீனில் அறிவித்தான். ஆதாரத்துக்காக ஆப்பைப் போனில் ஏற்றிக்கொண்டான்.

"கேட்டியா?" என்றாள் ஹரிதா.

"இத எவனாவது காதுல மாட்டுவானா? மாட்டுறவன் மூளைய முன்னாடியே கழட்டி டேபிள் மேல வெச்சுட்டுத்தான் மாட்டணும். நான் வெறும் ஆதாரத்துக்கு வெச்சிருக்கேன்."

பதினெட்டாம் தேதி கல்லூரி பஸ் முப்பது பேரை ஸ்ரீ சிட்டியில் கொண்டுபோய் இறக்கியது. கம்பெனியின் காத்திருப்புக் கூடத்தில் ஏ.சி. போட்டிருந்தும் மோகன்ராஜின் ஃபைல் ஓரங்கள் நனைந்து மடங்கின. ஹரிதா பதினோரு மணிக்கு உள்ளே போய், கால் மணியில் வெளியே வந்தாள்.

"எப்புடி?"

"நல்லாத்தான் போச்சு." ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "உன்ன விசாரிச்சாங்க."

"என்னயா? பேரு சொல்லியா?"

"'டெல்டா வந்திருக்காரா'ன்னு கேட்டாங்க. மூணு பேருமே கேட்டாங்க. இப்ப சிரிக்கல மோகன், நெஜமாவே சிரிக்கல."

அவள் சிரிக்கவில்லைதான். அது இன்னும் மோசமாக இருந்தது. அவனுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். தன் ப்ராஜெக்ட்டின் தலைப்பை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். முதல் இரண்டு வார்த்தைதான் வந்தது. உள்ளே உட்கார்ந்திருக்கும் மூன்று முகங்களையும் நினைத்தான், அந்த மூன்றுக்குப் பின்னால் சிட்டிபாபுவின் முகத்தை நினைத்தான், பல்லைக் கடித்தான். பல் கடித்தபடியே தந்தியடித்தது.

ஒருவனைக் கூப்பிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு ஆள்.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்று எழுந்தான்.

தண்ணீர் மெஷினுக்குப் பின்னால், சுவருக்கும் அதற்கும் நடுவே, ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் இருந்தது. மோகன்ராஜ் அதற்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். பேன்ட் பையிலிருந்து இயர்ஃபோனை எடுத்தான். எது இடது, எது வலது என்று வெளிச்சத்தில் தூக்கி இருமுறை சரிபார்த்தான். அது மாறிப்போகக் கூடாது என்பதில் கவனமாக இருந்தான். ஆப்பைத் திறந்தான். நகரி நித்திரையைத் தாண்டிக் கீழே போய், 'ஆல்பா: இன்டர்வியூவுக்கு முன், நாலு நிமிஷம்' என்பதை அழுத்தினான்.

இரண்டு காதிலும் இரண்டு ரீங்காரம் எழுந்தது. அதற்கு மேல் அந்தப் பழகிய குரல், மிகவும் கிட்டத்தில்.

"கண்ண மூடு பாபு. தோள இறக்கு."

மோகன்ராஜ் இறக்கினான்.